சோற்றுக் கணக்கும் நாட்குறிப்பும்: பாலாற்றங்கரை முதல் மல்லைக் கடற்கரை வரை

மலருக்கு "நம் வட்டார வரலாறு பற்றி ஏதாவது எழுதுங்களேன்" என்று கேட்ட நண்பர்களின் மனதில் இருந்தது மாமல்லபுரத்துக் கற்கோயில்கள்தான் என்பது எனக்குத் தெரியும். கல்லைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தக் கல்லைச் செதுக்கியவன் மத்தியானம் என்ன சாப்பிட்டான் என்று கேட்டால்தான் பதில் சொல்ல ஆள் இல்லை. ஆகவே நான் சோற்றைப் பற்றி எழுதப் போகிறேன். சரியாகச் சொன்னால், இந்தச் சீமையில் சோற்றைப் பற்றி எழுதி வைத்தவர்களைப் பற்றி.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். நாம் எல்லோரும் லேபுக்கு இரண்டு நோட்டு எடுத்துப் போவோம், ஞாபகம் இருக்கிறதா? ஒன்று அப்சர்வேஷன் நோட்டு. மெஷின் முன்னால் நின்றபடி, கை எண்ணெயோடு, வந்த ரீடிங்கை வந்தபடியே கிறுக்குவது. இன்னொன்று ரெக்கார்டு நோட்டு. விடுதியில் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கோணலாக வந்த ரீடிங்கைக் கொஞ்சம் நேராக்கி, சாரிடம் கையெழுத்து வாங்குவது. மார்க் என்னவோ ரெக்கார்டுக்குத்தான். ஆனால் உண்மையில் அன்றைக்கு என்ன நடந்தது என்பது அப்சர்வேஷன் நோட்டில்தான் இருக்கும். பழைய ஆவணங்களைப் படிக்கும்போதும் எனக்கு இந்த இரண்டு நோட்டுதான் ஞாபகம் வருகிறது.

நம் பகுதியின் முதல் சாப்பாட்டுக் குறிப்பு சங்க காலத்தது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, 500 அடி. காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்று வரும் ஒரு பாணன், வழியில் சந்தித்த இன்னொரு பாணனுக்கு "இப்படிப் போ, அங்கே இது கிடைக்கும்" என்று வழி சொல்கிறான். பள்ளியில் நமக்கு இதை மன்னனின் பெருமை என்று சொல்லிக் கொடுத்தார்கள். படித்துப் பார்த்தால் பாதி பாட்டு சாப்பாடுதான். பசித்த கலைஞன் இன்னொரு பசித்த கலைஞனுக்குச் சொல்லும் வழி வேறு எப்படி இருக்கும்?

வறண்ட நிலத்தில் எயினர் குடிசை முதலில் வருகிறது. அங்கே பெண்கள் கரம்பை மண்ணைக் கடப்பாரையால் கிளறி, புல்லரிசியைச் சேர்க்கிறார்கள். எறும்புகள் இழுத்து வைத்த அரிசி அது என்று விளக்கம் சொல்வார்கள். அதை நிலத்தில் குழித்த உரலில் குற்றி, ஆழக் கிணற்றின் உப்புத் தண்ணீரை ஊற்றி, வாய் உடைந்த பானையில் சமைத்து, உப்புக்கண்டத்தோடு தேக்கிலையில் வைத்துக் கொடுக்கிறார்கள். உடைந்த பானையைக் கூட விடாமல் சொல்லியிருக்கிறார் பாருங்கள், அதுதான் அப்சர்வேஷன் நோட்டு! அரண் கட்டி வாழும் எயினரிடம் மேட்டு நிலத்துச் சிவப்பரிசிச் சோறும், நாய் பிடித்து வந்த உடும்பின் வறுவலும். இடையர் வீட்டில் தினைச்சோறும் பாலும். மோர் விற்கும் ஆய்மகள் மோருக்குத் தானியம் மாற்றுகிறாள். நெய்யை விற்றால் பொன் வாங்கிக்கொள்ளாமல் எருமையாகக் கேட்டு வாங்குகிறாள். இன்றைய முதலீட்டு ஆலோசகர்கள் அவளிடம் பாடம் கேட்கலாம். முல்லை நிலத்துச் சிற்றூரில் வரகுச் சோறும் அவரைப் பருப்பும். வயல் பக்கம் வந்தால் வெள்ளரிசிச் சோறும் வீட்டில் வளர்த்த கோழியும், போகிற வழியில் கரும்புச் சாறும். வலைஞர் குடியிருப்பில் கள்ளும் சுட்ட மீனும். அந்தணர் வீட்டில் உயர்ந்த நெல்லின் சோறு, வெண்ணெயில் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வதக்கிய மாதுளங்காய், கூடவே மாவடு. கடைசியில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம். கப்பல்கள் நிற்கின்றன, உயரமான மாடத்தில் இரவில் விளக்கு எரிகிறது, கள்ளோடு கொழுத்த பன்றிக்கறி கிடைக்கிறது. அந்தத் துறைமுகம் மாமல்லபுரமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. இருந்தால் நமக்குச் சந்தோஷம்.

இதே பாணியில் நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை கொஞ்சம் தெற்கே ஓய்மா நாட்டுக்குப் போகிறது. எயிற்பட்டினத்தில் குழல்மீன் சூடு. அந்த ஊரை இன்றைய மரக்காணம் என்பார்கள். ஆமூரில் சோறும் நண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்றைக்கும் நண்டுக்குக் குறைவில்லை, விலையைத்தான் கேட்கக் கூடாது.

இந்தப் பாட்டுகள் ஓலையிலேயே மக்கிப் போயிருக்க வேண்டியவை. உ.வே.சாமிநாதையர் 1889ல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் கொண்டுவந்ததால் நம் கைக்கு வந்தன. இதில் நான் வியப்பது ஒன்றுதான். யார் வீட்டில் எது வேகிறது என்பதை அருவருப்பும் இல்லாமல், பரிதாபமும் இல்லாமல் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார் புலவர். உடும்பும் மாவடுவும் ஒரே பாட்டில் இருக்கின்றன. பிற்காலத்தில் இந்தச் சமநிலை நம் எழுத்தில் அரிதாகிவிட்டது என்பது என் எண்ணம்.

அடுத்து ஒரு ரெக்கார்டு நோட்டு, அதுவும் கல்லில். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராஜேந்திர சோழன் (1063-1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, அங்கே நடந்தது. மருத்துவருக்கு இவ்வளவு, அறுவை செய்பவருக்கு இவ்வளவு, மூலிகை கொண்டு வருபவருக்கு இவ்வளவு என்று நெல் அளவு வெட்டியிருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்குச் சுவையான பகுதி வேறு. அங்கே வேதமும் இலக்கணமும் படித்த மாணவர்களுக்கு விடுதியும் இருந்தது. சோற்றுக்கு நெல், படுக்கப் பாய், விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை முழுக்குக்கு எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் நிவந்தம் உண்டு. ஆக, நம் மாவட்டத்துப் பக்கத்தில் மெஸ் கணக்கின் வயது ஏறக்குறைய ஆயிரம் வருஷம். அந்தச் சாப்பாட்டைப் பற்றி மாணவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. சொல்லவும் சொல்லாது, கல்வெட்டு வெட்டியது கொடுத்தவர்கள், சாப்பிட்டவர்கள் இல்லை.

நாட்குறிப்பு என்று வந்துவிட்டால் ஆனந்தரங்கம் பிள்ளையைத் தாண்டிப் போக முடியாது. 1709ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் துய்ப்ளேக்சின் துபாஷியாக உயர்ந்தவர். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் சாகும் வரை ஏறக்குறைய 25 ஆண்டுகள் எழுதினார். அரசியல், வியாபாரம், கப்பல் வரவு, யார் யாருக்கு என்ன வரிசை வைத்தார்கள், வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பினார்களா இல்லையா, நல்ல நேரம் கெட்ட நேரம், பொறாமை, மனக்குறை எல்லாம் அதில் உண்டு. நம் கடற்கரையும் வருகிறது. கடப்பாக்கம் அருகே இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டை 1750ல் துய்ப்ளேக்ஸ் கைக்கு வந்தது. 1760ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இன்று அங்கே போட்டோ எடுக்கப் போகிறவர்கள், அந்தக் கோட்டை முழுசாக நின்ற காலத்தில் ஒரு தமிழர் தினமும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

அவர் நடையைப் பாருங்கள், அது புலவர் நடை இல்லை. பேசுகிறபடியே எழுதியிருக்கிறார். பிறர் பார்வைக்கென்று எழுதாததால் கிடைத்த சுதந்திரம் அது. "நாட்குறிப்பு எழுத எனக்கு நல்ல தமிழ் வராதே" என்று சொல்கிற இளைய மாணவர்கள் நாலு பக்கம் புரட்டிப் பார்த்தால் பயம் தெளிந்துவிடும்.

இனி நம் இனத்தார் ஒருவரைப் பற்றி. இனம் என்றால் என்ஜினீயர் இனம்! ஆற்காட்டு நவாபு முகமது அலி 1763ல் செங்கற்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கையில் வந்த சொத்து எவ்வளவு பெறும் என்று தெரிய வேண்டுமல்லவா? தாமஸ் பர்னார்டு என்ற கம்பெனி என்ஜினீயரை அளக்க அனுப்பினார்கள். 1767 முதல் 1774 வரை இரண்டாயிரம் ஊர்களுக்கு மேல் கணக்கெடுத்தார். அவர் எடுத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் எழுதியது ஒவ்வொரு ஊர்க் கணக்கப்பிள்ளையும்தான், தமிழில், பனையோலையில். அந்த ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சுருக்கித் தொகுத்த ஆங்கிலக் கணக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். அப்சர்வேஷன் நோட்டு தஞ்சாவூரில், ரெக்கார்டு நோட்டு சென்னையில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் என்ன இருக்கிறது? ஊரில் எத்தனை வீடு, யார் யார் என்ன தொழில், நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, ஏரி, தோப்பு, காடு. 1762 முதல் 1766 வரை ஐந்து வருஷ விளைச்சல். அதோடு களத்துமேட்டில் நெல்லைப் பங்கு போட்ட விவரம். அரசுக்கும் குடிக்கும் பிரிப்பதற்கு முன்பே தச்சர், கருமார், வண்ணார், நாவிதர், வெட்டியான், கணக்கர், கோயில், பண்டாரம் என்று ஒவ்வொருவருக்கும் கலம், மரக்கால், படிக் கணக்கில் ஒரு பங்கு போகிறது. சுதந்திரம் என்றும் மேரை என்றும் அதற்குப் பெயர். காந்தியவாதியும் ஆய்வாளருமான தரம்பால் இந்த ஆவணங்களின் மேல் நம் கவனத்தைத் திருப்பினார். அவர் வழியில் ஜிதேந்திர பஜாஜும் எம்.டி. ஸ்ரீநிவாஸும் 1996ல் சென்னையிலிருந்து வெளியிட்ட 'அன்னம் பஹு குர்வீத' நூல், சோறு மிகுதியாக விளைந்து மிகுதியாகப் பகிரப்பட்ட நாடு இது என்று வாதிடுகிறது. இப்படி ஒதுக்கிய பங்கெல்லாம் சேர்ந்து விளைச்சலில் ஏறக்குறைய கால்வாசி என்பது அவர்கள் கணக்கு.

படிக்கும்போது பெருமையாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. பங்குக் கணக்கு யாருக்கு எவ்வளவு நெல் போனது என்று சொல்கிறது. அந்த நெல்லை விளைவித்த படியாள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்று சொல்வதில்லை. சராசரி என்பது நம் தொழிலிலும் ஆபத்தான எண். ஆற்றின் சராசரி ஆழம் மூன்றடி என்று நம்பி இறங்கியவன் கதை எல்லோருக்கும் தெரியும்.

அந்த இன்னொரு பக்கத்தை எழுதியவர் நூறு வருஷம் கழித்து வந்தார். செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891ல் இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி ஒரு குறிப்பு எழுதினார். நிலம் இல்லை, கூலி போதாது, கடன், குடியிருக்கும் மனை கூடத் தங்களுடையது இல்லை என்பதையெல்லாம் ஒரு அரசாங்க அதிகாரி கறாராக எழுதி வைத்தார். அதன் விளைவாக 1892ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் உத்தரவு பிறந்தது. அதுதான் பஞ்சமி நிலம். அந்த நிலம் பின்னாளில் கைமாறிப் போனதும், அதை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில் 1994ல் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்ததும் நம் ஊர்ச் சரித்திரம்தான். ஒரு குறிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு டாக்டர் வருகிறார். வில்லியம் ராபர்ட் கார்னிஷ். சென்னை மாகாணத்து மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், சிறைக் கைதிகளுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்ற அறிக்கைகளைத் தொகுத்து 1863ல் ஒரு நூல் வெளிவந்தது; தொகுத்தவர் இவர். அப்போது அதை ஒரு வேலையற்ற வேலையாகக் கூடச் சிலர் நினைத்திருக்கலாம். பதின்மூன்று வருஷம் கழித்து 1876ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது.

பஞ்ச நிவாரண வேலைக்கு வருகிறவர்களுக்கு எவ்வளவு கொடுப்பது என்று பேச்சு எழுந்தது. இந்திய அரசாங்கத்தின் தூதராக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், 1877 ஜனவரியில் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். நாள் முழுக்க வெயிலில் மண் வெட்டுகிறவனுக்கு! கார்னிஷ் அப்போது மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர். இது போதாது, குறைந்தது 680 கிராம் தானியமும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுத்தில் சண்டை போட்டார். அந்த வருஷமே சென்னை அரசு பாதி வழி இறங்கி வந்து, 570 கிராம் தானியமும் 43 கிராம் பருப்பும் என்று உயர்த்தியது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். ஆனாலும், "இந்த மக்கள் சாதாரண நாளில் என்ன சாப்பிடுவார்கள்" என்று பஞ்சத்துக்கு முன்பே ஒருவர் விசாரித்து எழுதி வைத்திருந்ததால்தான், பஞ்சத்தின்போது எண்ணை எண்ணால் எதிர்க்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இணையாக, கோவளம் பக்கமும் மாமல்லபுரம் பக்கமும் நாம் பஸ்ஸில் தாண்டிப் போகிற பக்கிங்ஹாம் கால்வாய் அந்தக் காலத்துக்குச் சாட்சி. பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. அதில் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற சுமார் 8 கி.மீ. 1877-78ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அதன் பிளானும் எஸ்டிமேட்டும் எங்கேயாவது பத்திரமாக இருக்கும். மண் சுமந்தவர்கள் கையால் எழுதிய ஒரு வரியை நான் இதுவரை பார்த்ததில்லை.

எழுதப்படாதவர்கள் என்று சொல்லும்போது இருளர்களைச் சொல்ல வேண்டும். வயலில் எலி வளையைத் தோண்டி, எலியையும் பிடித்து, எலி சேர்த்து வைத்த நெல்லையும் எடுத்துச் சோறாக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. மழைக்குப் பின் ஈசல், காட்டில் கிழங்கு. பெரும்பாணாற்றுப்படையின் எயிற்றி எறும்பு வளையிலிருந்து எடுத்த புல்லரிசியை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். நேரடித் தொடர்பு என்று நான் சொல்ல வரவில்லை, அதைச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் பசியும் அறிவும் சேர்ந்தால் மண்ணுக்குள் தானியம் இருக்கும் இடம் தெரிந்துவிடும் போலும். பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்ட பிறகு, 1978ல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்து போகிறது. 2023ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பாம்பு பற்றிய அவர்கள் அறிவை உலகம் எழுதிக்கொண்டது. அவர்கள் சமையலை யாராவது அவர்கள் வாய்மொழியாகவே முழுசாக எழுதியிருக்கிறார்களா? இருந்தால் சொல்லுங்கள், வாங்கிப் படிக்க ஆசை.

இப்போது கல்லூரிக்கு வருவோம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்த எல்லோரும் ஏழு நாள் கிராம முகாமில் ஒரு நாட்குறிப்பு எழுதியிருப்போம். நான் அண்மையில் பழைய நோட்டுகள் பலவற்றைப் புரட்டிப் பார்த்தேன். "காலை 8 மணி: சிற்றுண்டி. 9 மணி: களப்பணி. மதியம் 1 மணி: உணவு." எல்லா நோட்டும் ஒரே அச்சு. என் பேட்ச் நோட்டுகளும் இதே ஜாதிதான். என்ன சிற்றுண்டி, யார் சமைத்தார்கள், அரிசி ரேஷன் அரிசியா கடை அரிசியா, நம்மோடு வேலை செய்த ஊர்க்காரர்கள் நம்மோடு உட்கார்ந்தார்களா, எதுவும் இல்லை. எல்லாம் ரெக்கார்டு நோட்டு! நான் வேலை பார்க்கும் கட்டுமான சைட்டிலும் இதே கதைதான். டெய்லி ரிப்போர்ட்டில் சிமெண்ட் மூட்டைக்குக் கட்டம் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தம்பிகள் தகரக் கொட்டகையில் கடுகெண்ணெயில் உருளைக்கிழங்கு தாளிக்கிற வாசனைக்குக் கட்டம் இல்லை. இன்னும் ஐம்பது வருஷம் கழித்து இந்த மேம்பாலங்களைக் கட்டியவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒருவன் கேட்டால், அவனும் என்னைப் போல வெறுங்கையோடுதான் நிற்பான்.

அந்தக் கட்டில் ஒரே ஒரு நோட்டு மட்டும் வித்தியாசமாக இருந்தது. சில வருஷங்களுக்கு முந்தைய முகாம், திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு சிற்றூர், எழுதியது ஒரு இரண்டாம் ஆண்டு மாணவி. முகாமுக்குச் சமைக்க வந்த அம்மா உப்பைக் கையால்தான் அளக்கிறார், ஸ்பூன் கொடுத்தால் சிரிக்கிறார் என்று முதல் நாள் எழுதியிருக்கிறாள். மூன்றாம் நாள் கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ள வறுத்த கருவாடு, எங்களில் ஐந்து பேர் தொடவில்லை, அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் கருவாடு கொண்டு வரவில்லை. ஐந்தாம் நாள்: "அம்மா எப்போது சாப்பிடுகிறார் என்று இன்றுதான் கேட்டேன். நாங்கள் பாத்திரம் கழுவிப் போன பிறகு மூன்றரை மணிக்காம். வீட்டுக்கும் இதிலிருந்து எடுத்துப் போகலாமா என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. சாரிடம் கேட்டேன், தாராளமாக என்றார்." ஆறாம் நாள் குறிப்பில் அந்த அம்மா எடுத்துப் போன பாத்திரத்தின் அளவு கூட இருக்கிறது, இரண்டு படி பிடிக்கும் தூக்கு. நோட்டின் ஓரத்தில் யாரோ சிவப்பு மையில் "தேவையற்ற விவரங்கள்" என்று எழுதி மார்க்கைக் குறைத்திருக்கிறார்கள். அந்த நோட்டு இப்போது நம் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. பொறுப்பாளரிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார்.